மறதி நோய் உள்ள பெரியவர் இருக்கும் வீட்டில் எந்தக் கருவி, எங்கே, எப்படி? – மதுரை வீடுகளுக்கான கேள்வி பதில்

டிமென்ஷியா எனும் மறதி நோய் உள்ளவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் சென்சார், கேமரா, டிராக்கர் வாங்கும் முன்பும், வாங்கிப் பொருத்திவிட்டுத் தலையைச் சொறியும்போதும் கேட்பவை இவை. மாசி வீதிப் பக்கத்துச் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டுக்கும், கே.கே. நகர் அடுக்ககத்துக்கும், மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்து ஓட்டு வீட்டுக்கும் ஒரே பட்டியல் சரிவராது. அதனால் வீட்டின் அமைப்பையும் சேர்த்தே சொல்லியிருக்கிறோம். விலைகள் தோராயம்.

முதலில் எதை வாங்க வேண்டும்?

ஒரு நோட்டு. ஒரு வாரத்துக்கு, என்ன நடந்தது, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு என்று மட்டும் எழுதுங்கள். "இரவு 2.15, கக்கூஸ் தேடி அடுப்படிக்குப் போனார்." "மாலை 5.40, வீட்டுக்குப் போகணும் என்று பையைத் தூக்கினார்." வார முடிவில் பார்த்தால் ஆபத்து இரண்டு மூன்று இடங்களிலும் இரண்டு மூன்று நேரங்களிலும்தான் குவிந்திருக்கும். பணம் அங்கே போகட்டும்.

அடுத்து, வாங்க நினைக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு கேள்வி: இது சத்தம் போட்டால் எழுந்து வரப்போவது யார், எத்தனை நிமிடத்தில்? பதிலில் ஒரு பெயர் வர வேண்டும். மகன் பெங்களூரில், மகள் துபாயில், மதுரை வீட்டில் அம்மா மட்டும் என்றால், வாசல் திறந்தது என்று இரண்டு பேருடைய போனிலும் செய்தி வந்து என்ன பயன்? எதிர்வீட்டு அக்காவிடம் சாவியும் ஒப்புதலும் வாங்கிய பிறகே அந்தச் சென்சாருக்கு வேலை இருக்கிறது.

பெரும்பாலான வீடுகளில் வரிசை இப்படி அமையும்: இரவு வெளிச்சம், அடுப்பு, வாசல். கேமராவை முதலில் வாங்குகிறார்கள். அது கடைசியில் வர வேண்டியது.

நான்கைந்து நாளாகத்தான் ரொம்பக் குழம்புகிறார். சென்சார் போட்டால் சமாளிக்கலாமா?

வேண்டாம், மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். மறதி நோய் மாதக்கணக்கில் மெல்ல நகரும். நாள்கணக்கில் வரும் குழப்பத்துக்குச் சிறுநீர்த் தொற்று, உடலில் உப்பு குறைவது, சர்க்கரை தாழ்வது, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, நெஞ்சுச் சளி என்று சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கலாம். ஏற்கெனவே நோய் இருப்பவருக்கும் இது பொருந்தும்.

நோயின் எந்தக் கட்டத்தில் எது உதவும்?

தொடக்கத்தில் அவரே இயக்கும் கருவிகள் உதவும்: நாள் காட்டும் கடிகாரம், மாத்திரை டப்பா, படம் ஒட்டிய பட்டன் போன். இவற்றை இப்போதே பழக்க வேண்டும், பிறகு பழக்க முடியாது. நடுக்கட்டத்தில் அவர் தொடவே தேவையில்லாதவை: தானாக எரியும் விளக்கு, கேஸ் வால்வு, கதவுச் சென்சார். அதற்குப் பிறகு கருவிகள் எல்லாம் பார்த்துக்கொள்பவருக்கானவை.

இரவில் எழுந்து தடுமாறுகிறார். சென்சார் விளக்கு எங்கே போடுவது?

கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை அவர் நடக்கும் பாதையில். 300 முதல் 600 ரூபாய்க்குள் கிடைக்கும் அசைவுச் சென்சார் பல்பு சாதாரண ஹோல்டரிலேயே பொருந்தும். மஞ்சள் ஒளி (3000 கெல்வின் அல்லது அதற்குக் கீழ்), 5 வாட்டுக்குள் இருந்தால் போதும். வெள்ளை ஒளி 9 வாட் பல்பு நள்ளிரவில் முகத்தில் பளிச்சென்று அடித்தால் அவர் விடிந்துவிட்டது என்று எழுந்து குளிக்கப் போவார்.

இந்தப் பல்புகளில் இருக்கும் பி.ஐ.ஆர். சென்சார் உடல் வெப்பத்துக்கும் பின்னாலுள்ள சுவரின் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. மார்கழியில் ஐந்தாறு மீட்டரிலிருந்தே பிடிக்கும். கத்திரி வெயில் நாளில், பகல் முழுதும் காய்ந்த மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறை இரவிலும் 35 டிகிரிக்கு மேல் நிற்கும்போது, உடலும் சுவரும் கிட்டத்தட்ட ஒரே சூடு. பக்கத்தில் வந்தால்தான் எரியும். ஏப்ரல், மே மாதங்களில் "சென்சார் கெட்டுப்போச்சு" என்று மாற்றுவதில் பல கெடாதவை. கோடையை மனதில் வைத்து இரண்டு மீட்டருக்கு ஒன்று என நெருக்கிப் போடுங்கள். சென்சாரை நோக்கி நேராக வருபவரைவிட, குறுக்காகக் கடப்பவரை அது நன்றாகப் பிடிக்கும். ஆகவே நடையின் முனையில் எதிரே மாட்டாமல் பக்கச் சுவரில் மாட்டலாம்.

கக்கூஸுக்குள் மட்டும் சென்சார் விளக்கு வேண்டாம். பல பல்புகள் அசைவு இல்லையென்றால் 30 விநாடியில் அணைந்துவிடும். அவர் உட்கார்ந்திருக்கும்போது இருட்டாகிவிட்டால், பயந்து எழுந்து விழுவது அங்கேதான். 3 வாட் பல்பை இரவு முழுக்க எரியவிடுங்கள். பத்து மணி நேரம், முப்பது நாள் எரிந்தாலும் ஒரு யூனிட் ஆகாது. கதவைத் திறந்தே வைத்தால் கட்டிலிலிருந்தே பீங்கான் தெரியும். தேடுவது பாதி குறையும்.

தரையையும் கண்ணாடியையும் மாற்றச் சொல்கிறார்களே?

பளபளக்கும் டைல்ஸில் விளக்கு பிரதிபலித்தால் தண்ணீர் நிற்பதாகத் தெரியும். கறுப்பு மிதியடி பள்ளமாகத் தெரியும், தாண்டப் போய் விழுவார்கள். மிதியடியை எடுத்துவிடுங்கள். கண்ணாடியில் யாரோ நிற்கிறார் என்று பேசத் தொடங்கினால் துணி போட்டு மூடுங்கள். வெள்ளை டைல்ஸ் மேல் வெள்ளை பீங்கான் கண்ணுக்குப் பிடிபடாது. நீலமோ சிவப்போ உள்ள இருக்கை மூடி 500 முதல் 1,000 ரூபாய். இங்கே கருவி எதுவும் தேவையில்லை.

கேஸ் அடுப்பை என்ன செய்வது?

சமைக்கப் பழகிய கையை அடுப்படிக்குள் விடாமல் தடுப்பது பெரும் சண்டையில் முடியும். காய் நறுக்க, கீரை ஆய விட்டுவிட்டு, நெருப்பை மட்டும் பூட்டலாம்.

செலவில்லாத வழி: ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் ரெகுலேட்டரை அணைத்து, லைட்டரை எடுத்து ஒளித்து வைப்பது. ரெகுலேட்டரைத் திறக்க அவருக்கு இன்னும் கை பழகியிருந்தால் சிலிண்டரைப் பூட்டுள்ள அலமாரிக்குள் வையுங்கள். ஆனால் அலமாரியின் அடியில் காற்றுப் போக இடைவெளி இருக்க வேண்டும்.

கேஸ் கசிவுக் கருவி 1,000 முதல் 2,500 ரூபாய். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். அதனால் கருவியைத் தரையிலிருந்து ஒரு சாண், அதிகபட்சம் ஒரு அடி உயரத்தில், சிலிண்டரிலிருந்து ஒன்றிரண்டு மீட்டருக்குள் மாட்ட வேண்டும். எலெக்ட்ரீஷியன் பழக்கத்தில் சுவிட்ச்போர்டு உயரத்தில் மாட்டிவிடுவார்; அங்கே இருந்தால் தலைக்கு மேல் வெள்ளம் வந்த பிறகு சொல்லும். குழாயில் வரும் இயற்கை எரிவாயுவுக்கு நேர் எதிர்: அது லேசானது, கருவி கூரைக்கு அருகே இருக்க வேண்டும்.

தாழ மாட்டியதில் வரும் தொல்லை, தரை கழுவும் தண்ணீர். மேலே சிறு பலகைத் தடுப்பு வைத்து, பக்கங்களைத் திறந்து விடுங்கள். சாம்பிராணிப் புகை, சானிடைசர், கொசு மருந்து தெளிப்பு இவற்றுக்கும் அது கத்தும். வெள்ளிக்கிழமைதோறும் கத்துகிறது என்று பிளக்கைப் பிடுங்கிவிடுவதுதான் நடக்கிறது. சாம்பிராணியை வேறு அறையில் போடுங்கள். உள்ளே இருக்கும் சென்சாருக்கு ஆயுள் பெரும்பாலும் 5 ஆண்டு. பச்சை விளக்கு எரிவதால் மட்டும் அது வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை.

கசிவு கண்டதும் கேஸைத் தானாக மூடும் வால்வுடன் சேர்ந்த வகையும் உண்டு. அதை கேஸ் ஏஜென்சி மெக்கானிக்கை வைத்தே பொருத்துங்கள். கருவியோடு சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனை இணைத்துத் தானாக ஓடவிடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்: கசிந்த கேஸுக்கு நடுவே ஃபேனின் ஒரு பொறி போதும். கத்தினால் எந்த சுவிட்சையும் தொடாமல் கதவு, ஜன்னலைத் திறந்து, ரெகுலேட்டரை மூடி, வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள்.

தீ அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்தும் அடுப்புகளும் வருகின்றன. பால் பொங்கித் தீ அணைந்தால் அது காக்கும். அடுப்பில் வைத்த குழம்பு தீய்ந்து கருகுவதைத் தடுக்காது, ஏனென்றால் அங்கே தீ எரிந்துகொண்டேதான் இருக்கிறது.

இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறினால் சிக்கல் தீருமா?

தொடக்கக் கட்டத்தில் மாறினால் ஓரளவு. பாத்திரத்தை எடுத்தால் நின்றுவிடும், டைமர் உண்டு. நடுக்கட்டத்தில் மாற்றாதீர்கள். சுடர் தெரியாத அடுப்பை அடுப்பென்றே அவர் ஏற்கமாட்டார், மேலே துணியையோ பிளாஸ்டிக் டப்பாவையோ வைப்பார். பழைய பித்தளை, அலுமினியப் பாத்திரங்களும் அதில் சூடாகாது.

குளியலறையில் கவனிக்க வேண்டியவை?

முதலில் உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றுங்கள். கருவி எல்லாம் பிறகு.

வெந்நீர்: 60 டிகிரி நீர் சில விநாடிகளில் தோலைப் பொசுக்கிவிடும், 50 டிகிரியில் அதற்குச் சில நிமிடம் ஆகும். கெய்சரில் வெப்பத்தைக் குறைக்கும் திருகு இருந்தால் 50-க்குக் கீழே வையுங்கள், சுவிட்சை வெளியே மாற்றுங்கள். சோலார் ஹீட்டரில் அப்படித் திருகு இல்லை. மதுரைக் கோடையில் அதன் தண்ணீர் 70 டிகிரியைத் தாண்டலாம். வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் அளவாகக் கலந்து தரும் தெர்மோஸ்டாட் வால்வை விற்கிறார்கள். தரைதள வீட்டில், தொட்டி தலைக்கு மேலே இரண்டு மூன்று மீட்டரில் இருந்தால் தண்ணீர் அழுத்தம் 0.2, 0.3 பார்தான் வரும். பல வால்வுகள் அந்த அழுத்தத்தில் சரியாகக் கலக்காது. வாங்கும்போது குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு என்று அட்டையில் பாருங்கள். சித்திரை, வைகாசியில் மதியம் கறுப்புத் தொட்டியிலிருந்து வரும் பச்சைத் தண்ணீரே சுடும் என்பதால், எந்த வால்வாலும் அதைக் குளிர்விக்க முடியாது. நம் வீடுகளுக்கு எளிய வழி, வெந்நீர்க் குழாயை வெளியில் மூடிவிட்டு, வாளியில் நீங்கள் விளாவித் தருவது.

குழாயைத் திறந்துவிட்டு மறந்தால் தொட்டி காலியாகிறது என்றால் அமுக்குக் குழாய், சென்சார் குழாய் எதற்கும் போக வேண்டாம். அறுபது வருடம் திருகிப் பழகியவர் திருகத்தான் செய்வார். சுவரில் உள்ள ஆங்கிள் வால்வைக் கால்வாசி மட்டும் திறந்து வையுங்கள்; குழாயை முழுக்கத் திறந்தாலும் மெல்லத்தான் வரும். தரையில் வைக்கும் நீர்க்கசிவு அலாரம் கைக்கடக்கமானது. குளியலறை வாசற்படிக்கு வெளியே வைத்தால் தண்ணீர் வழிந்தவுடன் கத்தும்.

வாசல் கதவைத் திறந்துகொண்டு போய்விடுகிறார். எந்த அலாரம்?

காந்தச் சென்சார். ஒரு துண்டு நிலையில், இன்னொரு துண்டு கதவில். இரண்டும் விலகினால் சத்தம். 300 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. மூன்று விஷயத்தில் பிசகும்.

ஒன்று, இடைவெளி. மூடிய நிலையில் இரண்டு துண்டுக்கும் நடுவே ஒன்றரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பழைய இரட்டைக் கதவுகள் மழைக்காலத்தில் உப்பி, வெயிலில் சுருங்கி இடம் மாறும். ஆடிக் காற்றில் ஆடியே அலாரம் அடிக்கும். இரண்டு ரெக்கைக்கும் தனித்தனிச் சென்சார் போடுங்கள்.

இரண்டு, இரும்பு. கிரில் கேட்டில் நேரடியாக ஒட்டினால் இரும்பு காந்தப் புலத்தை இழுத்துக்கொள்ளும். அரை அங்குல மரக்கட்டையோ பிளாஸ்டிக் துண்டோ இடையில் வைத்து ஒட்டவும், அல்லது ஷட்டருக்கென விற்கும் பெரிய காந்த வகையை வாங்கவும்.

மூன்று, சத்தம் எங்கே கேட்கிறது என்பது. மலிவான அலாரம் கதவிலேயே வீறிடும். அவர் மிரண்டு வேகமாக வெளியே ஓடுவார். மணி உங்கள் தலைமாட்டில் அடிக்கும் வயர்லெஸ் வகையை வாங்குங்கள். ஊருக்குள் உள்ள சுண்ணாம்புச் சுவர் வீடுகளில் அலை இரண்டு சுவருக்கு மேல் தாண்டாது. பெட்டியில் எழுதியிருக்கும் "100 மீட்டர்" வெட்டவெளிக் கணக்கு. ஒட்டும் முன் கையில் பிடித்தபடி எல்லா அறையிலும் சோதியுங்கள்.

போனுக்குச் செய்தி அனுப்பும் வைஃபை வகை என்றால் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரி சேமிப்பை நிறுத்தி வையுங்கள். இல்லாவிட்டால் கதவு திறந்த செய்தி பத்து நிமிடம் கழித்து வரும். அதற்குள் அவர் மெயின் ரோட்டுக்கு வந்திருப்பார்.

ஆளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவது எந்தக் காரணத்துக்கும் கூடாது. தீ, கேஸ், மயக்கம் எதுவானாலும் வழி இருக்காது.

ஜி.பி.எஸ். டிராக்கர் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

வாங்கலாம், ஆனால் சிம் உள்ளதை. சாவிக்கொத்தில் மாட்டும் புளூடூத் டேக், பக்கத்தில் கடந்துபோகும் மற்றவர் போன் வழியாகத்தான் இடத்தைச் சொல்கிறது. டவுன்ஹால் ரோட்டில் அது சரி. வாடிப்பட்டித் தோப்புக்குள் யார் போனும் கடந்துபோகாது.

சிம் வகையில் 4ஜி இருக்கிறதா பாருங்கள். 2ஜி மட்டும் உள்ள மலிவுக் கருவியில் ஜியோ சிம் வேலை செய்யாது, அவர்களிடம் 2ஜி அலைவரிசையே இல்லை. சிம்மின் ரீசார்ஜ் நாளை உங்கள் போனில் நினைவூட்டலாகப் போடுங்கள். ஆள் காணாமல் போன நாளில் செல்லுபடி முடிந்திருப்பது அடிக்கடி நடக்கிறது.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் அனுப்பும்படி வைத்தால் பேட்டரி ஒன்றிரண்டு நாள் வரும். தினமும் குளிக்கும் நேரத்தில் சார்ஜ் போட்டுவிடுங்கள். "எல்லை தாண்டினால் சொல்" என்ற வட்டத்தை 50 மீட்டருக்கு வைத்தால் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும்போதே நாள் முழுக்க அலாரம் வரும். குறுகிய சந்துகளில் செயற்கைக்கோள் சிக்னல் சுவரில் பட்டுத் திரும்புவதால் இடம் தள்ளிக் காட்டும். 150, 200 மீட்டர் வைப்பது நல்லது.

எங்கே மாட்டுவது என்பதுதான் பெரிய கேள்வி. செருப்புக்குள் வைக்கும் வகையை வெளிநாட்டு விளம்பரம் பார்த்துக் கேட்கிறார்கள். நம் பெரியவர்கள் வெறுங்காலோடு தெரு முனை வரை போவார்கள், கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு மறந்து வருவார்கள். கைக்கடிகாரம் கட்டிப் பழகியவருக்குக் கடிகார வகை, வேட்டி கட்டுபவருக்கு அரைஞாணில் அல்லது இடுப்பு பெல்ட் பையில், அப்பத்தாவுக்கு இடுப்பில் செருகும் சுருக்குப்பைக்குள். புதிதாக எதையும் கழுத்தில் தொங்கவிட்டால் அரை மணியில் கழற்றிப் போடுவார்கள்.

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதியில்லை. சோதனையில் டிராக்கரையும் நிறுத்தலாம். உள்ளே போனாலும் கல் மண்டபங்களுக்குள் சிக்னல் நிற்காது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்துக்குக் கூட்டிப்போவதென்றால் கருவியை நம்பாமல் கைபிடித்துப் போக ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். எந்த நாளிலும் கையில் வீட்டு போன் எண் பொறித்த எவர்சில்வர் வளையம் இருக்கட்டும். பேட்டரி வேண்டாத ஒரே டிராக்கர் அது. முகவரியைப் பொறிக்க வேண்டாம், எண் போதும்.

காணாமல் போய்விட்டால் முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது?

வீட்டுக்குள் மாடி, கொல்லை, கட்டிலடி, கார் உள்ளே என்று ஐந்து நிமிடம் தேடுங்கள். ஒருவர் வீட்டிலேயே இருக்கட்டும், மற்றவர் கிளம்பட்டும். 112-க்கு அழையுங்கள், அருகிலுள்ள காவல் நிலையத்தில் உடனே புகார் கொடுங்கள். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது கட்டுக்கதை. அன்று காலை உடுத்தியிருந்த உடையில் ஒரு போட்டோ உங்கள் போனில் இருந்தால் சொல்வது எளிது. வெளியே போகும் பழக்கம் உள்ளவரைத் தினமும் காலையில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

தேடும் இடம்: பழைய வீடு, வேலைபார்த்த மில் அல்லது கடை, பிறந்த ஊருக்குப் போகும் பஸ் நிற்கும் இடம். 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கையில் காசில்லாத அம்மா நடந்த தூரத்தில்தான் இருப்பார் என்று கணக்குப் போடாதீர்கள். பெரியார், ஆரப்பாளையம், மாட்டுத்தாவணி மூன்றுக்கும் ஆள் அனுப்புங்கள்.

அக்கம்பக்கத்தில் சொல்லலாமா? மானம் போகுமே என்று அப்பா வருந்துவார்.

வாசலைத் தாண்டியவரை முதலில் பார்ப்பது டீக்கடைக்காரர், அயர்ன் வண்டிக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு. உங்கள் போன் எண்ணும் "தனியாகப் பார்த்தால் கூப்பிடுங்கள்" என்ற ஒரு வரியும் எழுதிய சீட்டை அவர்களிடம் கொடுங்கள். 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு மறதி நோய் இருக்கலாம் என்று 2023-ல் வெளிவந்த தேசிய ஆய்வு மதிப்பிட்டது. அப்படியானால் உங்கள் தெருவிலேயே இன்னொரு வீடு இருக்கக்கூடும்.

கேமரா வைப்பது சரியா?

நடை, கூடம், வாசல் என்றால் சரி. படுக்கையறையில் யோசித்து, குளியலறையில் ஒருபோதும் வேண்டாம். கூட வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். பதிவு மெமரி கார்டில் இருந்தால் போதும். பார்த்துக்கொள்ள வரும் அக்காவிடம் கேமரா இருப்பதை வேலைக்குச் சேரும்போதே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான கேமராக்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டும்தான் இணையும். ரவுட்டர் 5-ல் இருந்தால் "கனெக்ட் ஆகவில்லை" என்று நிற்கும்.

கேமரா வழியாகப் பேசும் வசதியை மட்டும் அணைத்து வையுங்கள். ஆள் இல்லாத அறையில் மூலையிலிருந்து "அப்பா, உட்காருங்க" என்று குரல் வந்தால் அவருக்கு அது பேய். ஏற்கெனவே இல்லாதவர்கள் கண்ணுக்குத் தெரிவதாகச் சொல்பவருக்கு நிலைமை இன்னும் மோசமாகும். பேச வேண்டுமென்றால் போனில் கூப்பிடுங்கள். மணி அடித்து, எடுத்து, பேசுவது அவருக்குத் தெரிந்த முறை.

ஸ்மார்ட் ஸ்பீக்கர் தமிழில் நினைவூட்டுமா?

பாட்டுப் போட நன்றாக உதவும். தமிழில் உரையாடுவது சுமார்தான். அதுவும் மதுரைப் பேச்சில், பாதியில் நிறுத்தி நிறுத்திப் பேசும் பெரியவர் கேட்டால் "புரியவில்லை" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அவரைக் கோபப்படுத்தும்.

அதைவிட நல்ல வழி, பழைய ஆண்ட்ராய்டு போனில் மகள் குரலைப் பதிவுசெய்து அலார ஒலியாக வைப்பது. ஒரு நினைவூட்டல், ஒரு வேலை: "அம்மா, தண்ணி குடிங்க. செம்பு மேசை மேல இருக்கு." எட்டு பத்துச் சொல்லுக்கு மேல் போனால் முன்பாதி மறந்துவிடும். வீட்டில் சௌராஷ்டிரமோ தெலுங்கோ பேசி வளர்ந்தவருக்கு அந்த மொழியிலேயே பதியுங்கள். பெரும்பாலும் பின்னால் கற்ற மொழி முன்னால் கழலும். தாய்மொழி அதைவிட நீண்ட நாள் நிற்கும். இறந்துபோனவர் குரலை உணர்ச்சிவசப்பட்டு வைக்காதீர்கள், அவரைத் தேடத் தொடங்கிவிடுவார்கள்.

நாள், நேரம் காட்டும் கடிகாரம் வேண்டுமா?

"இன்னைக்கு என்ன கிழமை" என்று நூறுமுறை கேட்பவருக்கு உதவும். தமிழில் கிழமை, தேதி, "காலை", "மதியம்", "மாலை", "இரவு" என்று பெரிய எழுத்தில் தெரிய வேண்டும். 17:30 என்று காட்டினால் யாருக்கும் புரியாது. பழைய டேப்லெட்டை இதற்கு மாற்றலாம், ஆனால் எப்போதும் சார்ஜரிலேயே கிடந்தால் சூட்டில் பேட்டரி உப்பும். டைமர் பிளக் போட்டுக் காலையும் மாலையும் இரண்டிரண்டு மணி நேரம் மட்டும் சார்ஜ் ஏற்றுங்கள். கிழிக்கும் தினசரி காலண்டரை எடுத்துவிட வேண்டாம். தாளைக் கிழிப்பது அவருக்கு இன்னும் ஒரு வேலை. இரண்டு தாளாகக் கிழித்துவிட்டாரா என்று மட்டும் பாருங்கள்.

மாத்திரைக்குத் தானியங்கி டப்பா போதுமா?

நேரத்துக்கு மணி அடித்து ஒரு அறையை மட்டும் திறக்கும் பூட்டு டப்பா, தொடக்கக் கட்டத்தில் இரட்டை வேளை போடுவதைத் தடுக்கும். சர்க்கரை மாத்திரையில் இரட்டை வேளை உயிருக்கே ஆபத்தாகலாம், ஆகவே அதற்காகவே வாங்கலாம். டப்பா மாத்திரையை வெளியே தள்ளும். அவர் விழுங்கினாரா, வேட்டி மடிப்பில் வைத்தாரா என்று அதற்குத் தெரியாது. வால்ப்ரோயேட் போன்ற சில மாத்திரைகள் அட்டையிலிருந்து பிரித்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக் கெடும். எதைப் பிரித்து நிரப்பலாம் என்று மருந்துக்கடையில் கேளுங்கள். இன்சுலின் ஃபிரிட்ஜுக்குள் சிறு பூட்டுப் பெட்டியில் இருக்கட்டும்.

படுக்கையிலிருந்து எழுந்தால் சொல்லும் விரிப்பு நம் மெத்தையில் வேலை செய்யுமா?

இலவம்பஞ்சு மெத்தைக்கு அடியில் வைத்தால் செய்யாது. பஞ்சு ஒரு பக்கம் குவிந்து எடையைத் தாங்கிக்கொள்ளும். மெத்தைக்கு மேல், விரிப்புக்குக் கீழ், இடுப்பு படும் இடத்தில் வையுங்கள். பாய் விரித்துத் தரையில் படுப்பவருக்கு, கால்வைக்கும் பக்கத்தில் மிதித்தால் மணியடிக்கும் தரை விரிப்பே பொருந்தும். அதன் ஓரத்தை டேப்பால் தரையோடு ஒட்டாவிட்டால் அதிலேயே தடுக்கி விழுவார்.

விழுந்தால் கண்டறியும் கடிகாரங்கள் சட்டென்று விழுவதைப் பிடிக்கும். சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து உட்கார்ந்துவிடுவதைப் பெரும்பாலும் தவறவிடும்; வயதானவர்கள் அப்படியும் விழுவார்கள்.

கரண்ட் போனால் இதெல்லாம் என்ன ஆகும்?

வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி. மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலை 9 முதல் மாலை 5 வரை மின்சாரம் இருக்காது. ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள், அல்லது 12 வோல்ட் சிறு யு.பி.எஸ். வாங்குங்கள்; அது இரண்டு முதல் நான்கு மணி நேரம் தாங்கும். அடுக்ககத்தில் உங்கள் ரவுட்டர் ஓடினாலும் கீழே கேபிள்காரரின் பெட்டி நின்றுவிட்டால் இணையம் இல்லை. ஆகவே வாசல் மணியும் கேஸ் வால்வும் இணையம் இல்லாமலும் வேலை செய்பவையாக இருக்க வேண்டும்.

ஸ்மார்ட் பல்புகள், கரண்ட் போய்த் திரும்பியதும் முழு வெளிச்சத்தில் எரியும்படிதான் கம்பெனியிலிருந்து வரும். இரவு 2 மணிக்கு கரண்ட் வந்தால் வீடே திருவிழாவாகும். செயலியில் "மின்சாரம் திரும்பும்போது முந்தைய நிலை" என்ற அமைப்பைத் தேடி மாற்றுங்கள். மின்கசிவு கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. மெயினில் இல்லையென்றால், சென்சார்கள் வாங்கும் முன் அதைப் பொருத்துங்கள்.

டிவி பார்த்துப் பயப்படுகிறார்.

செய்திச் சேனலில் வெள்ளம் காட்டினால் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்று நம்புவார். பழைய பாட்டு, கோயில் நேரலை இரண்டை மட்டும் வைத்து, ரிமோட்டில் ஒலி, ஆன் பட்டன்களைத் தவிர மற்றதைக் கெட்டியான டேப்பால் மூடிவிடுங்கள்.

அவரிடம் சொல்லாமல் பொருத்தலாமா?

தொடக்கக் கட்டத்தில் சொல்லிக் கேட்டே பொருத்த வேண்டும். "உங்களைக் கண்காணிக்க" என்றால் மறுப்பார்; "ராத்திரி நான் நிம்மதியாத் தூங்க" என்றால் பலரும் சம்மதிப்பார்கள், அது உண்மையும்கூட. பின்னால் முடிவெடுக்க முடியாத நிலை வரும்போது எதை ஏற்பார், எதை ஏற்கமாட்டார் என்று இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். பிள்ளைகளில் யார் கேமராவைப் பார்க்கலாம் என்பதும் அதில் வரட்டும். சண்டை பெரும்பாலும் அங்கேதான் கிளம்புகிறது.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

பாதை விளக்கு மூன்று, கதவுச் சென்சார் இரண்டு, கேஸ் கருவி, கை வளையம் எல்லாம் சேர்ந்து 4,000 முதல் 6,000 ரூபாய்க்குள் முடிக்கலாம். 4ஜி டிராக்கரும் தானியங்கி வால்வும் சேர்த்தால் இரண்டு மடங்கைத் தாண்டும். மூத்த குடிமக்களுக்கான 14567 உதவி எண் காலை 8 முதல் இரவு 8 வரை இயங்குகிறது. பராமரிப்பு, உதவி அமைப்புகள் பற்றி அங்கே இலவசமாகக் கேட்கலாம்.

பொருத்திய பிறகு எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும்?

மாதம் ஒருமுறை. அமாவாசை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. வாசலைத் திறந்து மணி வருகிறதா பாருங்கள். சிகரெட் லைட்டரின் கேஸை மட்டும் (பற்றவைக்காமல், அடுப்பு அணைந்த நிலையில்) கருவிக்கு அருகே இரண்டு விநாடி விட்டுக் கத்துகிறதா பாருங்கள். டிராக்கரோடு தெருமுனை வரை நடந்து, எத்தனை நிமிடத்தில் செய்தி வருகிறது என்று குறியுங்கள். பொத்தான் பேட்டரிகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, தீராவிட்டாலும் மாற்றுங்கள். கழற்றிய பழையதை உடனே வெளியே போடுங்கள். மேசையில் கிடந்தால் மாத்திரை என்று விழுங்கிவிடுவார். அப்படி விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலும் வாந்தி எடுக்கவைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போகவேண்டும்.